நாற்பத்தொரு வீட்டுப் பிரதமர்

சார், கும்பிட்ட கையை முதலில் கீழே இறக்குங்கள். தயவுசெய்து. ஆமாம், உங்களைத்தான்.

நான் பெண்ணின் அப்பா. கோமதிநாயகம். எலுமிச்சை மார்க்கெட்டுக்குத் திரும்புகிற முக்கில் படங்களுக்குக் கண்ணாடி பிரேம் போடுகிற கடை வைத்திருக்கிறேன். கோபம் எல்லாம் இல்லை, சார். கல்யாண வீட்டு வாசலில் வந்து நிற்கிறவரை யாராவது கோபிப்பார்களா? காபி சாப்பிட வாருங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். மண்டபத்துக்குள் வேண்டாம். இப்படி, சமையல்கட்டுப் பக்கம். இங்கே காற்று நன்றாக வரும்.

நீங்கள் அந்த ஃபிளெக்ஸை அண்ணாந்து பார்த்து ஒரு பெயர் சொன்னீர்கள். என் காதில் விழுந்தது. இன்னொரு தடவை சொல்லாதீர்கள். முகூர்த்தம் ஒன்பதரைக்கு மேல். இப்போது மணி எட்டே முக்கால். தாலி ஏறுகிற வரைக்கும் அந்தப் பெயர் உங்கள் வாய்க்குள்ளேயே இருக்கட்டும். ஏறின பிறகு மைக்கில்கூடச் சொல்லுங்கள், நானே மைக் பிடித்துத் தருகிறேன்.

ஆமாம், சார். அவரேதான். ஹரிவல்லப் பாபுவேதான்.

நான் சிரிப்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பெயரைக் கேள்விப்பட்ட ஒரே ஒரு ஆள் கிடைக்கமாட்டானா என்று ஒரு மாதம் இந்தப் புளியங்குடி முழுக்க அலைந்தேன். கிடைக்கவில்லை. இன்றைக்கு, கிடைக்கவே கூடாத இன்றைக்கு, டீ குடிக்க பஸ்ஸை விட்டு இறங்கிய நீங்கள் வந்து நிற்கிறீர்கள். சிரிக்காமல் என்ன செய்வேன்?

அவர் கட்சியிலா? கரூர் நகரச் செயலாளரா? கரூரில் மொத்தம் எத்தனை பேர் இருந்தீர்கள்? நீங்கள் ஒருவர்தானா? அப்படியானால் தலைவரும் நீங்கள்தான், கொடி கட்டினவரும் நீங்கள்தான். உட்காருங்கள், சார். பஸ் போனால் போகட்டும். செங்கோட்டைக்கு அரை மணிக்கு ஒரு பஸ் உண்டு.

நீங்கள் சொல்ல நினைப்பதை நானே சொல்லிவிடுகிறேன். வடக்கே ஏதோ ஆற்றங்கரைக் கிராமத்தில் பள்ளிக்கூட வாத்தியார். பதினெட்டு வயதில் வெள்ளைக்காரன் ஜெயில். ஒருவேளைச் சாப்பாடு, கதர், சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. டில்லியில் இரண்டு பெரிய தலைகள் நாற்காலிக்கு அடித்துக்கொண்டபோது, கூட்டத்துக்கு ஜமுக்காளம் விரிக்கச் சொல்லிக்கொண்டிருந்த இவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். நூற்று அறுபத்து மூன்று நாள். சரியா? அதற்குள் அவர் செய்த ஒரே காரியம், தபால் கார்டு விலையை ஏற்றமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றது. பிறகு அந்த இரண்டு தலைகளும் ராசியாகிவிட்டார்கள். இவர் ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயில் ஏறி ஊருக்குப் போய்விட்டார். செத்துப்போனபோது ரேடியோவில் ஒரு வரி. அடுத்த வரியே கிரிக்கெட்.

வாழ்க்கை வரலாறு அவ்வளவுதான், இல்லையா? உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவருக்கு இன்னொரு வாழ்க்கை இருக்கிறது, சார். அது இந்தப் பக்கத்தில் நடந்தது. இன்னும் நடக்கிறது.

முப்பத்து நான்கு வருஷம் முன்னால் இந்த ஜில்லாவில் உள்ள ஆபீசுகளுக்கெல்லாம் புதுப் பிரதமர் படம் பிரேம் போடுகிற வேலை எனக்குக் கிடைத்தது. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. டில்லியிலிருந்து அச்சாகி வந்த படம், இருநூற்று நாற்பது. இரவு பகலாகக் கண்ணாடி வெட்டி, ஆணி அடித்து, வைக்கோல் சுற்றி, வேனில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். எதிர் டீக்கடை ரேடியோ சொல்கிறது, அவர் ராஜினாமா செய்துவிட்டார் என்று. ஆபீசுக்குப் போன் செய்து கேட்டேன். படத்தை உருவிவிட்டு பிரேமை மட்டும் பத்திரமாக வையுங்கள், புதுப் படம் வரும் என்றார்கள். வந்தது. போட்டுக் கொடுத்தேன். உருவின இருநூற்று நாற்பது ஹரிவல்லப் பாபுவும் என் பரணில்.

அந்த முகத்தைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? பெரிய காது, வெள்ளை முடி, பாதிச் சிரிப்பு, கொஞ்சம் கீழே பார்க்கிற கண். முதல் தடவை பார்க்கும்போது எங்கேயோ பழகின முகம் மாதிரி இருக்கும். திரும்பிக்கொண்டால் மறந்துவிடும். டில்லியில் அவர் தோற்றதே அந்த முகத்தால்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் தொழிலில் ஜாடைப் படம் என்று ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் போட்டோ எடுக்காமலே செத்துப்போனவர்கள் எத்தனை பேர். புது வீடு பால் காய்ச்சும்போது சுவரில் பெரியவர் படம் இல்லாவிட்டால் அது என்ன வீடு? எங்களிடம் வருவார்கள். மூக்கு எங்கள் சித்தப்பா மூக்கு மாதிரி, நெற்றி என் தம்பி நெற்றி மாதிரி என்று சொல்லுவார்கள். நாங்கள் அதை வைத்து ஒரு முகத்தைத் தயார் செய்து, தலைப்பாகை கட்டி, சட்டை போட்டுக் கொடுப்போம். பாதிப் பேர் இது அவர் இல்லை என்று திருப்பிக் கொண்டுவருவார்கள்.

அப்படி வந்தவர்தான் ஆவுடையப்பன். வாசுதேவநல்லூரில் ரைஸ்மில் வைத்திருக்கிறவர். ஆமாம், சார், மாப்பிள்ளையின் அப்பா. பட்டு வேட்டியோடு வாசலில் எல்லோருக்கும் சந்தனம் கொடுத்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். அன்றைக்கு அவருக்கு முப்பது வயது. அவருடைய அப்பா பிச்சையா, இவர் ஆறு வயதுப் பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். முகம் ஞாபகம் இல்லை. காது பெரிசு என்று அம்மா சொன்னது மட்டும் ஞாபகம். மேஜை மேல் பரணிலிருந்து எடுத்து நான் தூசி தட்டி வைத்திருந்த ஹரிவல்லப் பாபு இருந்தார். ஆவுடையப்பன் குனிந்தார். கண் நிறைந்துவிட்டது.

"எங்க அய்யால்லா இது," என்றார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், சார். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அவர் அந்தக் காகிதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுவிட்டார். ஒற்றிக்கொண்ட பிறகு என்ன சொல்ல முடியும்? ஒரு மீசை வரைந்தேன். தலைப்பாகை கட்டினேன். கீழே இந்தியில் பெயர் இருந்த ஓரத்தை வெட்டினேன். பிரேம் அளவுக்கு வெட்டத்தானே வேண்டும்? நான் பொய் சொன்னதில்லை. இதுதான் உங்கள் அப்பா என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர்களாகச் சொல்லுவார்கள். நான் பேசாமல் இருப்பேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் வேறு முகம் தயார் செய்யவே இல்லை. யார் வந்தாலும் மேஜை மேல் அவர் இருப்பார். ஒருவர்கூடத் திருப்பிக் கொண்டுவரவில்லை. இந்த வட்டாரத்தில் இன்றைக்கு நாற்பத்தொரு வீட்டில் அவர் இருக்கிறார், சார். எந்தத் தெரு, எந்தச் சாதி என்று இல்லை. ஒரு வீட்டில் நாமம், ஒரு வீட்டில் விபூதிப் பட்டை, தேவாலயத் தெருவில் கழுத்தில் ஜெபமாலை. ஆடி அமாவாசைக்கு நாற்பத்தொரு வீட்டிலும் அவருக்கு இலை போடுகிறார்கள். உங்கள் தலைவர் டீகூடக் குடிக்காதவர் இல்லையா? மேலத்தெருவில் அவருக்கு ஆட்டுக்கறிக் குழம்பும் ஒரு குவார்ட்டரும் படைக்கிறார்கள். சுருட்டு வைக்கிற வீடு இரண்டு. ஒரு வீட்டில் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் போகும், அவர் கணக்கில் புலியாம்.

சிரியுங்கள், சார், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். வேறு எந்தப் பிரதமருக்கு நாற்பத்தொரு வீட்டில் ஒரு வருஷம் தவறாமல் திதி கொடுக்கிறார்கள்? இதையெல்லாம் நான் அவருக்குச் செய்த சேவை என்றுதான் சில நாள் நினைத்துக்கொள்வேன். சில நாள், மார்க்கெட்டில் கூட்டம் இல்லாத மத்தியானங்களில், அப்படி நினைக்க முடியாது.

யாரது? பகவதியா? இதோ வந்துவிட்டேன் என்று சொல்லு. கரூரிலிருந்து ஒரு பெரியவர் வந்திருக்கிறார், பேசிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி, சார். நல்லவள். எல்லாம் அவளால் வந்ததுதான்.

எனக்குக் கல்யாணம் ஆகும்போது என் வீட்டுச் சுவரிலும் அவர் இருந்தார். மீசை கிடையாது, தலைப்பாகை கிடையாது, பெயர் இருந்த ஓரத்தை மட்டும் வெட்டின சுத்தமான படம். ஏன் மாட்டினேன் என்று கேட்கிறீர்களா? சுவர் காலியாக இருந்தது. வேறு காரணம் என்ன? என் அப்பா எனக்கு மூன்று வயதில் கொழும்புக்கு வேலைக்குப் போனவர். கடிதமும் வரவில்லை, ஆளும் வரவில்லை, படம் ஒன்றும் இல்லை. அது வேறு கதை. பகவதி வந்த புதிதில் இது யார் என்று கேட்டாள். பெரியவர் என்றேன். அது பொய்யா? மறுநாள் பார்க்கிறேன், விபூதி, குங்குமம், ஒரு முழம் பூ. மாமனார் என்று முடிவு செய்துவிட்டாள். இருபத்தெட்டு வருஷமாக ஆடி அமாவாசைக்குப் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் விரதம் இருக்கிறாள். படைத்த உளுந்த வடையை நான் சாப்பிடுவேன்.

என் மகள் சுபாஷினி தென்காசியில் ஒரு பேங்கில் இருக்கிறாள். பக்கத்துக் கவுண்டரில் இசக்கிராஜ். பையன் தங்கமான பையன். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு, தரகர் ஒருவரைப் பிடித்து, தரகரே கண்டுபிடித்த மாதிரி இரண்டு வீட்டுக்கும் ஜாதகம் அனுப்பினார்கள். எனக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி இருந்தேன். பையனுடைய அப்பா வாசுதேவநல்லூர் ரைஸ்மில் ஆவுடையப்பன் என்று தெரிந்தபோது பழைய வாடிக்கைக்காரர் என்று சந்தோஷப்பட்டேன். படம் மட்டும் மனசில் வரவே இல்லை. முப்பத்து நான்கு வருஷம் ஆயிற்றே.

ஐப்பசியில் பெண் பார்க்க வந்தார்கள். ஏழு பேர். அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள், நான் திரும்பிப் பார்க்கிறேன், என் உயிர் போய்விட்டது. பகவதி, நல்ல காரியத்துக்கு மாமனார் முன்னால் இருக்க வேண்டும் என்று, உள் அறையில் இருந்த படத்தைக் கழுவித் துடைத்து, கூடத்தின் நடுச் சுவரில் மாட்டி, மல்லிகை மாலை போட்டு, மேலே ஒரு சின்ன பல்பும் எரியவிட்டிருக்கிறாள்.

ஓடிப் போய் படத்தை மறைத்து நின்றுகொண்டேன். உட்காருங்கள் என்கிறார்கள். முதுகுவலி, நின்றால்தான் சுகம் என்கிறேன். அரை மணி நேரம் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன், சார். தலையைச் சாய்க்கவில்லை, சாய்த்தால் அவருடைய காது தெரியும். எல்லாம் நன்றாகத்தான் போனது. சுபாஷினி காபித் தட்டோடு வந்தாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு எனக்கும் நீட்டினாள். பெற்ற மகள் நீட்டுகிறாள் என்று, புத்தி கெட்டவன், ஒரு அடி முன்னால் வந்து எடுத்துக்கொண்டேன்.

ஆவுடையப்பன் டம்ளரைக் கையில் வைத்தபடியே எழுந்தார். "இது எங்க அய்யா. மீசை எடுத்த படம்லா இது," என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பகவதி சிரித்துக்கொண்டே, "எங்க மாமனாருங்க," என்றாள்.

ஏழு பேரும் மனசுக்குள் விரல் விட்டு உறவு எண்ணுகிறார்கள். ஆவுடையப்பனுக்கு அப்பா, எனக்கும் அப்பா. நாங்கள் அண்ணன் தம்பி. அப்படியென்றால் காபித் தட்டோடு நிற்கிற பெண்ணும் காபி குடிக்கிற பையனும் யார்? பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை, சார். தாலி கட்டுகிற பேச்சே கிடையாது. இசக்கிராஜுக்குப் புரை ஏறிவிட்டது.

சண்டை வரும் என்று பயந்தேன். சண்டை வந்திருந்தால் பரவாயில்லை. ஆவுடையப்பன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "தம்பி," என்றார். குலுங்கிக் குலுங்கி அழுகிறார், அவ்வளவு சந்தோஷம். அவருடைய அய்யா எலுமிச்சை வியாபாரத்துக்கு வெள்ளிக்கிழமை புளியங்குடிக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமைதான் வீடு திரும்புவாராம். அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று அம்மா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாளாம். பாவம், அம்மா சொன்னது சரிதான் என்கிறார். என் அப்பா கொழும்புக்குப் போனவர் என்று மெதுவாகச் சொன்னேன். அப்படிச் சொல்லாமல் உங்கள் அம்மாதான் வேறு என்ன சொல்லுவார்கள் என்று என் முதுகைத் தடவினார். பெண் பார்க்க வந்தவர்கள், கொண்டுவந்த பழத்தட்டை எல்லாம் தம்பி வீட்டுக்குச் சீர் என்று வைத்துவிட்டுப் போனார்கள்.

என் அம்மாவைப் பற்றி அது என்ன பேச்சு? எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லையே, சார். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. மறுநாள் காலையில் போன் வருகிறது, "தம்பி, சாப்பிட்டியாடே?" என்று. என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. ஒரு மூட்டை அரிசி, ஒரு கூடை கத்தரிக்காய், வாரத்துக்கு ஒரு தடவை அவரே வந்து அண்ணனாக உட்கார்ந்துவிடுவார். அந்தப் படத்தின் ஓரத்தை வெட்டினவன் நான். என் கையால் வெட்டினேன். இருந்தும் இரண்டு நாள் நான் அதை நம்பினேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா?

சுபாஷினிதான் என்னை எழுப்பினாள். எட்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, ஒன்பதாம் நாள் கடைக்கே வந்தாள். "அப்பா, உங்களுக்கு அண்ணன் வேணும்னா நீங்க வச்சுக்கோங்க. எனக்கு வேண்டாம். அது யார் படம்னு உங்களுக்குத் தெரியும். போய்ச் சொல்லுங்க," என்றாள். பேங்கில் இரண்டு கவுண்டருக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான். அவன் அந்தப் பக்கம் சாப்பிடவில்லை, இவள் இந்தப் பக்கம் சாப்பிடவில்லை. ஆள் பாதியாகிவிட்டாள்.

போனேன். ரைஸ்மில்லில் வைத்து ஆவுடையப்பனிடம் உண்மையைச் சொன்னேன். அது உங்கள் அய்யாவும் இல்லை, என் அப்பாவும் இல்லை, இந்தியாவின் பிரதம மந்திரி என்றேன்.

"எந்த ஊருக்குப் பிரதம மந்திரி?" என்று கேட்டார். மில்லில் உமி அள்ளிக்கொண்டிருந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள்.

அங்கேதான் ஆரம்பித்தது. ஒரு பொய்யை மறைப்பது சுலபம், சார். ஒரு பிரதமர் இருந்தார் என்று நிரூபிப்பது இருக்கிறதே. சரித்திரம் நடத்தின பெரிய வாத்தியார் ஒருவரை ஆவுடையப்பனிடம் அழைத்துப் போனேன். அவர் முதல் பிரதமரிலிருந்து விரல் விட்டு எண்ணினார். அந்த இடம் வந்தது. அவர் அடுத்த விரலை மடக்கிவிட்டு அடுத்தவர் பெயரைச் சொன்னார். நடுவில் ஒருவர் என்றேன். நடுவில் விரலே இல்லை, பார்த்துக்கொள் என்று கையைக் காட்டினார். நூலகத்தில் அந்த வருஷப் பத்திரிகைக் கட்டைக் கரையான் அரித்திருந்தது. பரணில் மிச்சம் இருந்த படங்களையெல்லாம் வேறு பிரேம்களுக்குப் பின்னட்டையாக வெட்டி என்றைக்கோ தீர்த்துவிட்டேன். பொது அறிவுப் புத்தகம் மூன்று வாங்கினேன், மூன்றிலும் அவர் இல்லை. கடைசியில் சுபாஷினி போனில் தேடி, தபால்தலை அளவுக்கு ஒரு படம் கண்டுபிடித்துக் கொடுத்தாள். ஓடினேன். ஆவுடையப்பன் போனைக் கை நீட்டித் தூரமாக வைத்துப் பார்த்தார். "தம்பி, நீ படக்கடைக்காரன்லா? எங்க அய்யாவையே மீசை வச்சு ஒண்ணு, மீசை எடுத்து ஒண்ணுன்னு பண்ணவன். இதையும் பண்ணமாட்டியா?" என்றார்.

இதற்குள் பேச்சு பரவிவிட்டது. தெற்குத் தெருவில் ஒரு தையல்காரர், தன் தாத்தா பிரதமராக இருந்தார் என்று நம்பிவிட்டார். அவர் ஒருவர்தான் நம்பினார். பிரதமர் வாரிசுக்கு என்ன சலுகை என்று கேட்டு ஏதோ ஒரு ஆபீசுக்கு மனுப் போட்டு, அப்படி ஒரு பெயரே தங்களிடம் இல்லை என்று பதிலும் வாங்கிவிட்டார். மற்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். அண்ணாச்சி, ஊரில் என்னவோ பேசுகிறார்களே, எங்கள் தாத்தாதானே இது என்று கேட்கிறார்கள். மேலத்தெருக்காரர் கையில் வெட்டரிவாள் இருந்தது. தேங்காய் வெட்டப் போகிற வழியாம். உங்கள் தாத்தாவேதான் என்றேன். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகச் சொன்னேன். நான் பொய் சொன்னதில்லை என்றேன் இல்லையா? அதெல்லாம் தொழில் பேச்சு. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வருகிறேன் என்று சொல்லு, பகவதி. மாலை இன்னும் வரவில்லையா? வரும். முகூர்த்தத்துக்கு இன்னும் கால் மணி இருக்கிறது.

நான் நிஜமாகச் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான், சார். கார்த்திகை கடைசியில். அதைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

உண்மையை யாரும் வாங்கவில்லை. மகள் இளைத்துக்கொண்டே போகிறாள். ஒருநாள் காலையில், என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாமலே வாசுதேவநல்லூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். மில் ஓடிக்கொண்டிருந்தது. தவிடு பறக்கிறது. அண்ணே என்று கூப்பிட்டேன். அப்படி நான் அவரைக் கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. நீங்கள் படம் வாங்கினபோதே நான் இன்னொரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன் என்றேன். அது உங்கள் அய்யாதான். எனக்கு யாரும் இல்லை. என் அப்பன் முகம் எனக்குத் தெரியாது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் எங்க அய்யா, எங்க அய்யா என்று எடுத்துக்கொண்டு போகிறார்கள், என் வீட்டுச் சுவர் மட்டும் காலி. அதனால் உங்கள் அய்யாவை எடுத்து நான் மாட்டிக்கொண்டேன். எனக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன்.

எப்படி நடித்தேன் என்கிறீர்கள். கண்ணீர்கூட வந்தது, சார். நடிப்புக்கு வந்த கண்ணீர், திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏறிய பிறகும் நிற்கவில்லை. கண்டக்டர் யார் தவறிவிட்டார்கள் என்று கேட்டார். அப்படி ஒரு நடிப்பு.

ஆவுடையப்பன் போய் மோட்டாரை நிறுத்தினார். மில் அடங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தலையில் இருந்த தவிட்டைத் துண்டால் தட்டிக்கொண்டார். எத்தனை வருஷமாக என்று கேட்டார். முப்பத்து நான்கு என்றேன்.

"இதுக்காடே அழுத?" என்றார். "அப்பன் இல்லாதவன் ஒரு அப்பன் படத்தை எடுத்து மாட்டுனா அது களவா?"

வெளியே பார்த்துக்கொண்டே, "அப்போ நீ எனக்குத் தம்பி இல்ல," என்றார். இல்லை என்றேன். மறுபடியும் ஒருமுறை கேட்டார், நிச்சயமாக இல்லையா என்று. நிச்சயமாக இல்லை என்றேன். உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தவர், என்னைப் பார்த்து நீங்க, வாங்க என்று பேச ஆரம்பித்தார். "சம்பந்தி, தை பதினெட்டு நல்ல நாள்," என்றார். எனக்கு அண்ணன் போய்விட்டார், மகளுக்கு மாப்பிள்ளை வந்துவிட்டான். நல்ல லாபம்தான். அவர் காலையில் போன் செய்வதை மட்டும் நிறுத்திவிட்டார்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கல்யாண ஃபிளெக்ஸில் அய்யா படம் பெரிசாக, உச்சியில் இருக்க வேண்டும். மீசை வைத்தது வேண்டாம், உங்கள் வீட்டில் இருக்கிற சுத்தமான படம்தான் வேண்டும், அதில்தான் அய்யா அய்யாவாக இருக்கிறார் என்றார். நான் மறுக்க முடியுமா? இருபது அடி, சார். தெய்வத்திரு பிச்சையா அவர்களின் நல்லாசியுடன். பிரதமராக இருந்த நூற்று அறுபத்து மூன்று நாளில் அவர் முகத்தை யாராவது இருபது அடிக்கு வைத்தார்களா? நீங்களே கரூரில் வைக்கவில்லையே. கீழே பாருங்கள், மணமக்கள் எவ்வளவு சின்னதாக இருக்கிறார்கள். அந்த மீசை இருந்திருந்தால் நீங்கள் பஸ்ஸை விட்டே இறங்கியிருக்கமாட்டீர்கள்.

சார், ஆவுடையப்பன் இங்கேதான் வருகிறார். திரும்பாதீர்கள். யாரோ சொல்லியிருக்கிறார்கள், வெளியூர்ப் பெரியவர் ஒருவர் அய்யா படத்தைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார் என்று. நான் உங்களை ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை. என் மகள் மணவறையில் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று மாதத்துக்குப் பிறகு நேற்று ராத்திரிதான் வயிறாரச் சாப்பிட்டாள். அதை மட்டும் சொன்னேன். மற்றது உங்கள் விருப்பம்.

வாங்க, சம்பந்தி. ஆமாம், இவர்தான். கரூர்க்காரர்.

உங்களைத்தான் கேட்கிறார், சார், எங்கள் அய்யாவைத் தெரியுமா என்று.

தலையாட்டுகிறார், சம்பந்தி. தெரியுமாம். ஒரு தடவை பேசக் கேட்டிருக்கிறாராம். சின்ன வயதில்.

வேண்டாம், சம்பந்தி, அவர் பஸ்ஸுக்குப் போகவேண்டியவர். இல்லை, மறுக்கவில்லை. அவர் மறுக்கவில்லை. சார், மேடையில் அய்யா படத்துக்கு மாலை போட்ட பிறகுதான் தாலி. இரண்டு வீட்டையும் சேராத வயதான ஒருவர் கையால் போடுவது இவர்கள் வீட்டு வழக்கமாம். அய்யாவை நேரில் பார்த்த உங்களைவிட யார் இருக்கிறார்கள் என்கிறார். வாருங்கள். செருப்பை இங்கேயே விடுங்கள்.

படி இருக்கிறது, பார்த்து ஏறுங்கள். இதுதான் என் மகள். கும்பிடும்மா, பெரியவர். மாலையை இரண்டு கையாலும் பிடியுங்கள், ரோஜா உதிரும். கொஞ்சம் உயரத்தில்தான் மாட்டியிருக்கிறார்கள். நான் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறேன். இன்னும் கொஞ்சம் மேலே. அவ்வளவுதான். விழுந்துவிட்டது.

சார். வேண்டாம், சார். மேளக்காரர்கள் நம்மையே பார்க்கிறார்கள். கண்ணைத் துடையுங்கள், இந்தாருங்கள் துண்டு. சம்பந்தி பார்க்கிறார். ஒரு தம்பியைப் பறிகொடுத்தவர் அவர். இப்படி அழுதால் உங்களை விடமாட்டார்.